கைபேசி இழுப்பறையில் இருந்த வருடம்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ரேச்சலுக்குப் பதினாறு வயது பிறந்தது. காலையில் கேக் வெட்டினாள். மாலையில் கைபேசி வாங்கிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அவளை நாங்கள் அதிகம் பார்க்கவில்லை.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு வருடமாக ஒட்டியிருந்த ஒப்பந்தத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளே உரித்து என்னிடம் கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. டீச்சரான என் அக்காவின் ஊர் கட்டுமாவடியில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறது. டீச்சர் வீட்டுத் தம்பிக்கு மெல்பர்னில் வேலை போய்விட்டதாம், கையில் ஒரு போன்கூட இல்லாமல் வந்து இறங்கினானாம். வேலை போகவில்லை. நான் இன்றைக்கும் அதே பேருந்தைத்தான் ஓட்டுகிறேன். போன் இல்லாமல் வந்தது மட்டும் உண்மை.

ரேச்சல் கைபேசி கேட்டது பதினைந்தாவது பிறந்த நாளுக்கு. நான் முடியாது என்றேன். பேசுவதற்கும் செய்தி அனுப்புவதற்கும் எங்கே இருக்கிறாள் என்று நாங்கள் தெரிந்துகொள்வதற்கும் ஒரு ஸ்மார்ட்வாட்ச் போதும், பதினாறு வயது வரைக்கும் அதை வைத்துக்கொள் என்றேன். அவள் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். உங்களுக்கு அது போதுமா அப்பா? நான் யோசிக்காமல் போதும் என்றேன். என் மனைவி ஸ்டெல்லா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், தண்ணீரை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் ரேச்சல் பேப்பர் எடுத்து வந்துவிட்டாள். அப்பாவும் மகளும் ஒரு வருடம் கைக்கடிகாரத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும். அப்பாவின் கைபேசி சமையலறை இழுப்பறையில், சார்ஜரில் செருகியபடி இருக்கும், ஏனென்றால் அது உயிரோடு இருந்தால்தான் கடிகாரம் ஒழுங்காக வேலை செய்யும். மூன்றாவது விதி, தீப்பிடித்தால் ஒழிய இழுப்பறையைத் திறக்கக் கூடாது.

கையெழுத்துப் போட்டேன். தமிழில்தான் போட்டேன். அவளால் அதை வாசிக்க முடியவில்லை, செல்லுமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டாள்.

2

கைக்கடிகாரத்தோடு மட்டும் வாழ்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. முதல் மாதம் பேருந்துக்காரர்கள் ஓய்வறையில் எல்லோரும் குனிந்திருந்தபோது நான் மட்டும் நிமிர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் தீயணைப்பான் பயன்படுத்தும் முறை ஒட்டியிருக்கும். இப்போது எனக்கு அது மனப்பாடம்.

தட்டச்சு செய்ய அதில் இடம் கிடையாது, விரல் ஒன்றை வைத்தால் நான்கு எழுத்து விழும். அதனால் வாயால் சொல்ல வேண்டும். புதுக்கோட்டை ஐ.டி.ஐ.யில் கற்று, பிறகு பதினேழு வருடம் மெல்பர்னில் தேய்ந்த என் ஆங்கிலத்தைக் கடிகாரம் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளும். ஒரு நாள் ஸ்டெல்லாவுக்கு, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று சொன்னேன். டிரைவிங், டையிங் ஆகி, செத்துக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று போயிருக்கிறது. ஸ்டெல்லா நர்ஸ். பக்கவாத நோயாளிகள் வார்டில் வேலை. சரி, வரும்போது பால் வாங்கி வாங்க என்று பதில் போட்டாள்.

சொல்லவும் நேரமில்லை என்றால் கடிகாரமே சில பதில்களைத் தயாராக வைத்திருக்கும். சரி, நன்றி, வந்துகொண்டிருக்கிறேன், இவற்றோடு உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று. ஒரு தொடுதல் போதும். கடைசி நிறுத்தத்தில் எனக்கு மூன்று நிமிட ஓய்வு கிடைக்கும். அந்த மூன்று நிமிடத்தில் உலகத்துக்கே பதில் சொல்லி முடித்துவிட்டு வண்டியைத் திருப்புவேன்.

எனக்குச் செய்தி அனுப்புகிறவர்களில் முக்கியமானவள் என் அக்கா பிலோமினா. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நாங்கள் பிறந்தது வல்லத்திராக்கோட்டையில். அவள் வாக்கப்பட்டது கட்டுமாவடியில், படகு எஞ்சின் மெக்கானிக் அந்தோணிசாமிக்கு. அங்கேயே ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அப்பா அம்மா இல்லாத எங்களுக்கு ஊர் என்றால் இப்போது அந்த வீடுதான். நான் திருப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை அவள் சிவப்பு மையில் திருத்தி, கீழே மதிப்பெண் போட்டு எனக்கே திருப்பி அனுப்புவாள். பெரும்பாலும் பத்துக்கு ஆறு.

இப்போது கடிதம் இல்லை, குரல் பதிவு. வாரத்துக்கு ஒன்றிரண்டு வரும். மூன்று நிமிடத்துக்குக் குறையாது. கரண்டு போனது, பள்ளிக்கூடத்தில் முட்டை வந்தது, மச்சான் பல் பிடுங்கிக்கொண்டது. கடிகாரத்தில் அதைக் கேட்பதென்றால் கையைக் காதருகே தூக்கி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். தோள் வலிக்கும். பயணிகள் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்று கட்டைவிரலைத் தட்டிவிடுவேன். வீட்டுக்குப் போனால் கேட்க மறந்துவிடும். அக்காவுக்குப் பதில் போய்விட்டது அல்லவா, அதனால் உறுத்தவும் இல்லை.

3

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, இங்கே பதினொன்றரை, அங்கே காலை ஏழு. கடைசி நிறுத்தத்தில் நிற்கிறேன். அக்காவின் குரல் பதிவு வந்தது. அதிசயமாக முக்கால் நிமிடம்தான். கட்டைவிரலைத் தட்டிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

ஓய்வறைக்கு வந்து சாப்பாட்டைப் பிரித்தபோது, இவ்வளவு சின்னதாக அக்கா என்ன பேசியிருப்பாள் என்று தோன்றியது. கையைக் காதில் வைத்தேன்.

“தம்பி, மச்சானுக்கு பல்லு வெளக்கிட்டு இருக்கும்போதே வலது கை வெளங்கல. பேச்சு கொளறுது. வாயி ஒரு பக்கமா இழுக்குது. வண்டி வந்துருச்சு. பக்கத்துல இருக்குற ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிரவா, இல்ல நேரா புதுக்கோட்டைக்கே போயிரவா? ஸ்டெல்லாட்ட கேட்டு ஒடனே சொல்லுடா. பக்கத்துலயே போயிரவா?”

அதற்குத்தான் நான் கட்டைவிரலை உயர்த்தியிருந்தேன். அனுப்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். வேலையில் இருந்தாள், எடுக்க இருபது நிமிடம் ஆனது. தலையை ஸ்கேன் எடுக்க வசதி உள்ள இடத்துக்கு நேராகப் போகச் சொல்லுங்கள், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்றாள். அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சாயங்காலம் அவளுடைய மகள் கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். முதலில் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஸ்கேன் இல்லை. அங்கிருந்து புதுக்கோட்டைக்கு அனுப்பியிருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை மாமா, ஆனா பேச்சு வரல என்றாள்.

ராத்திரி ஸ்டெல்லாவிடம் நேராகவே கேட்டேன். நான் அப்போதே கேட்டு, நீ அப்போதே சொல்லியிருந்தால்? அவள் வார்டில் உறவினர்களிடம் பேசுகிற குரலில் சொன்னாள். சொல்ல முடியாது. வித்தியாசம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். பிறகு அவளுடைய சொந்தக் குரலில், எனக்குத் தெரியலைங்க என்றாள்.

அதன் பிறகு அக்காவிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை. நான் கூப்பிட்டால் அவள் மகள் எடுத்துப் பேசுவாள். மகள் கோயம்புத்தூர் திரும்பிய பிறகு யாரும் எடுக்கவில்லை.

4

விடுப்புப் படிவத்தில் நோயாளி உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கேள்வி உண்டு. பெற்றோர், துணை, பிள்ளை, உடன்பிறந்தவர் என்று கட்டங்கள் இருந்தன. மச்சானுக்குக் கட்டம் இல்லை. அக்காவின் கணவர் என்று ஓரத்தில் எழுதினேன். அலுவலகத்துப் பெண் மிகவும் வருத்தத்தோடு, அவர் நெருங்கிய உறவில் வரமாட்டார் என்றாள். எங்கள் அப்பாவை அடக்கம் செய்தபோது குழியில் இறங்கி நின்றவர் அவர்தான் என்பதைச் சொல்ல ஆங்கிலம் வரவில்லை. வருடாந்திர விடுப்பில் மூன்று வாரம் கிடைத்தது, அதுவும் ஐந்து வாரம் கழித்து.

ஒப்பந்தப்படி கைபேசியை எடுத்துப் போகவில்லை. ரேச்சல் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வாளோ என்று பார்த்தேன். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அதை எடுத்துப் போய் அக்கா முன்னால் நிற்கப் பயமாக இருந்தது. கடிகாரத்தைக் காட்டி, இந்தச் சனியனால்தான் என்று சொல்லலாம் அல்லவா. விமானத்தில் பதினான்கு மணி நேரமும் அதைத்தான் ஒத்திகை பார்த்தேன். அக்கா, விரல் பட்டுருச்சுக்கா. தெரியாமப் போயிருச்சு.

மெல்பர்ன் போன் கம்பெனியின் சிக்னல் இந்தியாவில் அந்தக் கடிகாரத்துக்குக் கிடையாது. வைஃபை உள்ள இடத்தில் மட்டும் உயிர் வரும், மற்ற இடத்தில் மணி காட்டும். திருச்சியில் இறங்கிப் புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று பஸ் மாறி வந்தேன். அறந்தாங்கியில் டீ குடித்துவிட்டு ரூபாய் நோட்டை நீட்டினால் கடைக்காரர் சில்லறை இல்லை, ஸ்கேன் பண்ணுங்க என்றார். போன் இல்லை என்றேன். அவர் என் பெட்டியில் தொங்கிய விமானச் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீக்குக் காசு வேண்டாம் என்றார்.

கட்டுமாவடியில் இறங்கி அக்கா வீட்டுக்கு நடப்பதற்குள் நான்கு பேர் நம்பர் கேட்டார்கள். இல்லை என்றேன். மறுநாள் பக்கத்து வீட்டு நாகூர்கனி வந்தார். கேபிள் டி.வி.யும் இன்டர்நெட்டும் ஊருக்குக் கொடுப்பவர். கொஞ்ச நேரம் மீன் விலை பேசிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்து என் பக்கத்தில் வைத்தார்.

“சும்மா கெடந்துச்சு. வச்சுக்கங்க. வேலயெல்லாம் வரும் போகும், அதுக்காக ஆள் தொடர்பு இல்லாம இருக்கக் கூடாது.”

விளக்கம் சொன்னேன். மகளோடு ஒரு ஒப்பந்தம் என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி சரி, பெறகு வாரேன் என்று போய்விட்டார். போனை எடுத்துக்கொண்டு போகவில்லை.

5

அக்கா என்னை வா என்றாள். சோறு போட்டாள். குழம்பு போதுமா என்று கேட்டாள். இரண்டு நாளும் அவ்வளவுதான்.

மச்சான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆறடி ஆள். வலது கை மடியில் வேறு யாருடையதோ போல் கிடந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார். வாய் திறந்தது. ‘ப்பா, ப்பா’ என்று மட்டும் வந்தது. அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. நான் சிரித்துத் தலையாட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். புரியாமல் தலையாட்டுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குப் பேச்சுத்தான் போயிருந்தது, மற்றது எல்லாம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து அக்கா சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கொல்லைப்பக்கம் போய், அக்கா, அன்னைக்கு விரல் பட்டு, என்று ஆரம்பித்தேன்.

“பொய் சொல்லாதடா” என்றாள். தலையைத் தூக்கவில்லை. செதிலைச் சுரண்டிக்கொண்டே பேசினாள்.

“நீ சரின்னு சொன்னன்னுதான் பக்கத்துலயே போனோம். டிரைவர் புதுக்கோட்டைக்கே போயிரலாம்னாரு. எந் தம்பி பொண்டாட்டி நர்சு, அவ சொல்லிட்டா, இங்கிட்டே போங்கன்னேன். புதுக்கோட்டையில டாக்டரு ஏம்மா நேரா வரலன்னு கேட்டாரு. வாயத் தொறக்கல நான்.”

அடுத்த மீனை எடுத்தாள்.

“அங்க வராந்தாவுல ஒக்காந்து போன எடுத்துப் பாத்தேன். நீ கேட்டா அந்த மைக்கு படம் நீலமா மாறும்ல? ஒரு மணி நேரங் கழிச்சுதான் மாறியிருக்கு, போன்லயே மணி காட்டுது. கேக்காமலே விரலத் தூக்கியிருக்க. சரி, அவசரம் போலன்னு மேல தள்ளிப் பாத்தேன். அதுக்கு முந்துனது மாறவேயில்ல. அதுக்கு முந்துனதும். எண்ணிக்கிட்டே போனேன்டா. நாப்பது. நாப்பதுக்கும் விரலத் தூக்கியிருக்க.”

கழுவிய மீனைச் சட்டியில் போட்டாள். கையை அலசினாள்.

“மச்சானுக்கு நடந்ததுக்கு ஒன்னைய நான் கொற சொல்லல. அது எங்க விதி. வருசம் பூராவும் நான் யாருகிட்டடா பேசிக்கிட்டு இருந்தேன்?”

மன்னிச்சுரு அக்கா என்றேன். அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சாப்பிடக் கூப்பிட்டாள். குழம்பு போதுமா என்று கேட்டாள்.

6

திங்கட்கிழமை அக்கா பள்ளிக்கூடம் போன பிறகு மச்சானும் நானும் இருந்தோம். நாகூர்கனி வீட்டு வைஃபை அக்கா வீட்டு முன்னறை வரை எட்டும், அவரே ரகசிய எண்ணைச் சொல்லியிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கடிகாரத்தில் அக்காவின் பழைய பதிவுகளைத் தேடினேன். கடைசி ஆறு மட்டும் அதில் இருந்தன. மற்றவை மெல்பர்னில் இழுப்பறைக்குள் இருக்கும் கைபேசியில்.

முதல் மூன்றையும் கேட்டேன். கரண்டு, முட்டை, ஒரு பையன் சிலேட்டை உடைத்தது. மச்சானும் கேட்டுக்கொண்டிருந்தார். நான்காவதில் அக்கா மீன் குழம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனாள். நடுவில் இன்னொரு குரல் நுழைந்தது.

“மாப்ளே, ஒங்க அக்கா சொல்றத நம்பாத. கொழம்புல புளி கூடிப்போச்சு, அதான் நெசம். நீ எப்ப வாரே? ஒரு எஞ்சின் கெடக்கு, ரெண்டு பேருமா பிரிச்சுப் போடுவோம். வேல தெரிஞ்ச ஆளு இங்க எவன் இருக்கான்?”

மச்சானின் இடது கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நல்ல பிடி. கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பி, அதன் முகத்தையே பார்த்தார். நான் மறுபடி போட்டேன். மறுபடி. ஏழெட்டுத் தடவை கேட்டிருப்போம். ஒவ்வொரு தடவையும் ‘மாப்ளே’ என்கிற இடத்தில் அவருடைய உதடு அசைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைப் பார்த்தவுடன் அவர் சொன்ன ‘ப்பா’ அதுதான்.

நான்கரை மணிக்கு அக்கா வந்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் நின்றுவிட்டாள். தோள்பை நழுவிக் கைக்கு வந்தது.

“இது எப்ப பேசுனாங்க?”

மே என்றேன். தன் போனில் இடமில்லை என்று மாதாமாதம் பதிவுகளின் ஒலியை மட்டும் அழித்துவிடுவேன், அனுப்பிய அடையாளம்தான் மிஞ்சும் என்றாள். அவளிடம் அவருடைய குரல் ஒன்றுகூட இல்லை. கலியாண வீடியோவில்கூடப் பாட்டுத்தான் ஓடும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இன்னொரு தடவ போடு என்றாள்.

மற்ற முப்பத்து நான்கிலும் அவர் இருப்பாரா என்று அவள் கேட்கவில்லை. நானே அவள் போனை வாங்கி ரேச்சலைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லி, இழுப்பறையைத் திறக்க வேண்டும் என்றேன். ஒப்பந்தத்தில் தீப்பிடித்தால் மட்டும் என்று இருக்கிறதே என்றாள். ஆமாம் என்றேன். இது தீதான் அப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நாற்பதும் அக்காவின் போனுக்கு மறுநாள் வந்து சேர்ந்தன, வரிசையாக. அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் ரேச்சல் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். நான் சொல்லவில்லை. எந்தப் பதிவில், எந்த நிமிடத்தில் மாமா பேசுகிறார் என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டியலும் போட்டிருந்தாள். பதினொரு இடம். என்ன பேசுகிறார் என்று தனக்குப் புரிந்ததையும் பக்கத்தில் எழுதியிருந்தாள். முப்பத்தெட்டாவது பதிவுக்கு நேரே, மாமா மீன் குழம்பில் புலி அதிகமாகிவிட்டது என்கிறார், இது உண்மையா? என்று இருந்தது.

நான் அதைத் தமிழில் வாசித்துச் சொன்னேன். அக்கா முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மச்சானும் ஒரு பக்க வாயால் சிரித்தார். நான் வந்து ஐந்தாவது நாள் அது.

“ளகரம்கூடச் சொல்லிக் குடுக்கலயாடா அந்தப் புள்ளைக்கு?” என்றாள். ஐந்து நாளில் என் வீட்டைப் பற்றி அவளாகக் கேட்ட முதல் கேள்வி. சொல்லிக் கொடுத்தேன்க்கா, வரவில்லை என்றேன். அது பொய். அதையும் கண்டுபிடித்திருப்பாள், விட்டுவிட்டாள்.

7

அக்கா பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது மச்சான் வீட்டில் தனியாக இருந்தார். விழுந்தால் கூப்பிட வழியில்லை. போனை இடது கையில் பிடித்து அதே கையால் தட்ட வராது. நாகூர்கனியின் அம்மா மணிக்கொரு தடவை வந்து எட்டிப் பார்ப்பார். அக்கா ஒவ்வொரு இடைவேளைக்கும் வீட்டுக்கு ஓடி வந்து போய்க்கொண்டிருந்தாள். இன்னும் நான்கு வருடம் சர்வீஸ் இருக்கிறது.

கடிகாரத்தைக் கழற்றி மச்சானின் வலது மணிக்கட்டில், அசையாத கையில் கட்டினேன். இடது கையால் தட்டிப் பார்க்கச் சொன்னேன். தட்டினார். எஞ்சின் நட்டு போடுகிறவரின் விரல், குறி தப்பவில்லை.

ஆனால் கடிகாரம் லேசில் வரவில்லை. அது என்னுடைய பெயரில் இருந்தது. அக்காவின் போனோடு சேர்க்க வேண்டுமென்றால் முதலில் என்னை விட வேண்டும். விடுவதற்கு ஒரு ரகசிய எண்ணை மெல்பர்ன் கைபேசிக்கு அனுப்புவேன் என்றது. அனுப்பிய எண் முப்பது நொடிதான் செல்லும். அங்கே ரேச்சல் இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்க, இங்கே நாகூர்கனி தட்ட, முதல் தடவை லைன் விட்டுப்போனது. இரண்டாம் தடவை ஐந்தும் ஒன்பதும் மாறிப்போனது. மூன்றாவது தடவை நீங்கள் மனிதர்தானா என்று கேட்டு, போக்குவரத்து விளக்கு உள்ள படங்களை எல்லாம் தொடச் சொன்னது. கட்டுமாவடியில் போக்குவரத்து விளக்கு கிடையாது. மெல்பர்னில் இருக்கிறவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. நான்காவது தடவை அது என்னை விட்டது.

அக்கா வீட்டுக்கு நாகூர்கனி தனி இணைப்பு இழுத்துக் கொடுத்தார். கரண்டு போனாலும் வைஃபை நிற்காமலிருக்க ஒரு சின்ன பேட்டரிப் பெட்டியும் மாட்டினார். கடிகாரத்தின் முகத்தில் மூன்று வட்டம் வைத்தோம். ஒன்றைத் தொட்டால் அக்காவுக்கு மணி அடிக்கும். ஒன்று நாகூர்கனிக்கு. மூன்றாவது என்ன வேண்டும் என்று நாகூர்கனி கேட்டபோது மச்சான் இடது கையால் என்னைக் காட்டினார்.

கிளம்புகிற அன்று அக்கா அறந்தாங்கி வரை பஸ்ஸில் கூட வந்தாள். திருச்சி பஸ் ஏறப்போகும்போது, கையில ஒண்ணும் இல்லாமப் போறியே, அங்க போயி மணி பாக்க என்னடா செய்வ என்றாள். பேருந்தில் பெரிய கடிகாரம் இருக்கிறது அக்கா என்றேன்.

திருச்சி விமான நிலைய வாசலில் காவலர் டிக்கெட் கேட்டார். அக்கா பள்ளிக்கூட பிரிண்டரில் எடுத்துக் கொடுத்திருந்த தாளை நீட்டினேன். பின்பக்கம் ஒன்றாம் வகுப்பு வருகைப் பட்டியல் இருந்தது. அவர் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு உள்ளே விட்டார்.

8

கடிகாரம் இல்லாமல் திரும்பிய என்னை என்ன செய்வது என்று ரேச்சல் ஒரு நாள் யோசித்தாள். கைபேசியை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது சமையலறை மேசையைத் தாண்டக் கூடாது, சார்ஜர் கம்பியிலேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தாள். அந்தக் கால டெலிபோன் மாதிரி. அவளும் சில நாள் பள்ளியிலிருந்து வந்ததும் அந்த மேசையில் உட்கார்ந்து அத்தையோடு பேசினாள். பெரும்பாலும் மூன்று நிமிடம். அதற்கு மேல் அவளிடம் தமிழ் இல்லை, அக்காவிடம் ஆங்கிலம் இல்லை. இப்போது சொந்தக் கைபேசி வந்த பிறகு அந்த மூன்று நிமிடமும் நிற்குமா என்று தெரியவில்லை. நிற்காது என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. எனக்கு மதிய ஷிப்ட், இரண்டு மணிக்கு வண்டி. ஒரு மணிக்குக் கிளம்பும்போது மேசையில் கைபேசி அடித்தது. மச்சானின் கடிகாரத்திலிருந்து. அங்கே காலை எட்டரை இருக்கும். பதறி எடுத்தேன். மச்சான், மச்சான் என்றேன். பதில் இல்லை. சட்டைக் கை பட்டு அழுந்தியிருக்கும் போல. தூரத்தில் பாத்திரச் சத்தம், ஒரு காக்கா, அக்காவின் குரல்.

அவள் வகுப்பிலிருந்து படஅட்டைகளைக் கொண்டு வந்திருக்கிறாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுவது. ஆடு காட்டினாள் போல, ஆடு சொல்லுங்க என்றாள். சத்தம் இல்லை. இலை. எல பாருங்க, எல. சத்தம் இல்லை. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் வாயைக் கூட்டிப் பார்க்க நேரம் கொடுத்தாள். நடுவில் பள்ளிக்கூடத்தில் வந்த புது ஹெச்.எம். பற்றிச் சொன்னாள். தம்பி வீட்டில் குளிர் குறைந்துவிட்டதாம் என்றாள். பிறகு அடுத்த அட்டை.

நான் லைனில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வைத்துவிடவாவது செய்திருக்க வேண்டும். சாவியைக் கையில் பிடித்தபடி நின்றேன். ஸ்டெல்லா வந்து மணி ஆச்சுங்க என்றாள். கையைக் காட்டினேன். அவளும் நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

எலி வந்தது. எலி சொல்லுங்க, எ, லி. பாத்திரச் சத்தம் நின்றுபோனது. நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு கரகரப்பு, நடுவில் உடைந்து, கடைசியில் முழுசாக ஒரு வார்த்தை வந்தது.

“மீனு.”

அந்த அட்டையில் இருந்தது எலி. அக்கா முப்பது வருடமாகத் தப்பைத் தப்பு என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அட்டை தரையில் விழும் சத்தம் கேட்டது.

“மீனுதான்” என்றாள் அக்கா. “மீனேதான். இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னார்.

அன்றைக்கு என் வண்டி ஒன்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. பணிமனையில் அதற்கொரு படிவம் உண்டு. காரணம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, நெருங்கிய உறவினர் பேசிக்கொண்டிருந்தார் என்று எழுதினேன். வாங்கிப் பார்த்த பெண், இது ஏற்றுக்கொள்ளக்கூடிய காரணம் இல்லை என்றாள். தெரியும் என்றேன்.